ஓரம் அமுங்கிய மெத்தை

மெத்தைக் கடையில் வேலை பார்ப்பவன் சுறுசுறுப்பாக இருக்கக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் கொள்கை. அதனால்தான் தூங்குமூஞ்சிக்கு அங்கே வேலை கிடைத்தது. அவனுக்கு இமை எப்போதும் பாதி இறங்கியே இருக்கும். நடை மெதுவாக, பேச்சு அதைவிட மெதுவாக. "இதுல ஒரு நிமிஷம் படுத்துப் பாருங்க சார்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வந்தவருக்குக் கொட்டாவி வந்துவிடும். கொட்டாவி விட்டவர்கள் பெரும்பாலும் வாங்காமல் போனதில்லை. நேரில் நான் அவனைத் தம்பி என்பேன். மற்றபடி எல்லோருக்கும் அவன் தூங்குமூஞ்சிதான். போனை எடுத்தால் அவனே "தூங்குமூஞ்சி பேசுறேன்" என்பான்.

நான் தவணைப் பிரிவு. மெத்தை பிடித்துப்போய், கையில் பணம் இல்லாதவர்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் என்னிடம் வருவார்கள். கணினியில் பெயரைத் தட்டி, பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டியவரா என்று பார்த்து, பைனான்ஸ் கம்பெனியின் அனுமதியை வாங்கித் தருவேன். சம்பளம் போடுவதும் என் தலையில்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கடையில் பேச்சு. உண்மைதான். நாள் பூராவும் படுக்கைகளைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன வரும்?

தூங்குமூஞ்சிக்கும் மனைவிக்கும் ஒத்துவராமல் பிரிந்தபோது மகளுக்கு நாலு வயது. "இவரு முழிச்சிருக்கும்போதே கனவு காணுறாரு, நான் யாரோட குடும்பம் நடத்துறது?" என்று அவள் கோர்ட்டில் கேட்டாளாம். அதை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். குழந்தை அம்மாவிடம் இருக்கும். இவன் சம்பளத்திலும் கமிஷனிலும் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைக்கான ஜீவனாம்சம். அதைக் கடையே பிடித்துப் பராமரிப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மகளைப் பார்க்கலாம். பாக்கி விழுந்தால் அது தீரும்வரை சனிக்கிழமை கிடையாது. இவ்வளவுதான் தீர்ப்பு.

அவன் தங்கியிருந்தது மூன்று ஆண்களோடு ஒரே அறையில். அங்கே குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. கொஞ்ச காலம் பூங்காவில் ஓட்டினான். ஒரு மழை நாளில் வேறு வழியில்லாமல் கடைக்கே கூட்டிவந்துவிட்டான். அப்போது குட்டிக்கு ஏழு வயது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஜன்னலோரம் கிடந்த ஒற்றை மெத்தையில் போய் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். சரியாக ஐந்து மணிக்கு அவள் அம்மா வெளியே வந்து நின்று சாவியால் கண்ணாடிக் கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. முதலாளி ஏதாவது சொல்வார் என்று பயந்தோம். அவரோ தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இத விட என்னய்யா விளம்பரம் வேணும்? அந்தத் திரைய நல்லா விலக்கி விடு, ரோட்டுலேர்ந்து தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் ஷோரூம் வேறொரு இடமாகிவிடும். மேற்கு வெயில் வெள்ளைத் திரை வழியாகப் பால் நிறத்தில் உள்ளே வரும். மின்விசிறிகள் சுற்றுவதே தெரியாமல் சுற்றும். கம்பளத்தில் காலடிச் சத்தம் அமிழ்ந்துபோகும். வருகிறவர்கள் குழந்தையைப் பார்த்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்த ஒரு ஜோடி, ஆளுக்கு ஒரு மெத்தையில் படுத்துப் பார்க்கிறோம் என்று படுத்து, அரைமணி நேரம் கழித்து எழுந்து, எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே மறந்துபோய் இரட்டை மெத்தையாக வாங்கிப் போனார்கள். அந்த இரண்டு மணி நேரமும் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல எனக்கு இருக்கும். பிடித்துத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

தூங்குமூஞ்சி மகளின் கால்மாட்டில், மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். வாரம் பூராவும் தூங்கி வழிகிறவன் அந்த நேரத்தில் மட்டும் கண்ணை அகல விழித்திருப்பான். எனக்குத்தான் மனசு கேட்காது.

"வாரத்துக்கு ரெண்டே மணி நேரம். அதையும் அவ தூங்கியே கழிச்சா நீ எப்பதான் பிள்ளையோட பேசுறது? எழுப்பு தம்பி."

"தூங்கட்டும்க்கா. வீட்டுல இடமில்ல. சித்தியும் சித்தி பசங்களும் இவளும் ஒரே கட்டில். பசங்க ராத்திரி பூரா உதைக்குறாங்களாம்."

"அவ அம்மா?"

"அவளுக்கு நைட் டியூட்டி. போன்ல புகார் கேக்குற வேலை. விடிஞ்சாத்தான் வருவா."

எழுப்பமாட்டான். ஆனால் பேசிக்கொண்டே இருப்பான். அதுதான் வேடிக்கை. உதடு அசைவது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரியும். பக்கத்தில் போனால் முணுமுணுப்பு கேட்கும். யார் வந்தார்கள், எந்தத் தலையணை விற்றது, அறையில் இருப்பவன் இவன் சோப்பைத் தீர்த்துவிட்டது, லாரியிலிருந்து மெத்தை ஒன்று விழுந்து அதன்மேல் ஒரு நாய் ஏறிப் படுத்துக்கொண்டது. தூங்குகிற பிள்ளையிடம் ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருப்பான். "யாருக்குய்யா கதை சொல்ற, மெத்தைக்கா?" என்று கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நிறுத்துவான். நான் திரும்பியதும் மறுபடி தொடங்கிவிடுவான்.

குட்டிக்கு ஒன்பது வயதானபோது அவனுக்கு ஓர் ஆசை வந்தது. அந்த ஜன்னல் மெத்தையை மகளுக்கே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டு மூலையில் தனியாகப் போட்டால் தினமும் தூங்குவாள் அல்லவா? தவணையில் எடுக்கிறேன் என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஊர்ப்பட்ட பேரைத் தவணைக்கு என்னிடம் அனுப்பியவன், வாடிக்கையாளர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. பெயரைத் தட்டினேன். திரை சிவப்பானது. பிரிந்த புதிதில் இரண்டு இடத்துக்கு வாடகை கட்டி முழி பிதுங்கிய காலத்தில், பைக் கடனில் தவணை தவறவிட்டிருக்கிறான். பைக் போனது. பெயரில் விழுந்த கறை போகவில்லை.

"அப்ப அவ பேர்ல போடுங்கக்கா."

"யார் பேர்ல?"

"குட்டி பேர்ல. அவ யாருக்கும் பாக்கி வெச்சதில்லையே?"

எங்கள் பைனான்ஸ் கம்பெனியில் குழந்தைகள் அறைத் திட்டம் என்று ஒன்று இருந்தது. கடன் பிள்ளையின் பெயரில், பொறுப்பு பெற்றவரின் தலையில். எந்த மகராசன் யோசித்த திட்டமோ தெரியாது. நானும் அதுவரை யாருக்கும் போட்டதில்லை. சும்மா பார்ப்போம் என்று குட்டியின் பெயரைத் தட்டினேன். பிறந்த தேதியைத் தட்டினேன். கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. திரை பச்சையானது. தகுதி உண்டு என்று எழுதி, மெத்தை மட்டுமல்ல, கட்டில், அலமாரி, மேஜை எல்லாமே எடுத்துக்கொள்ளலாம் என்றது.

தூங்குமூஞ்சிக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையில் மகள் முதலாவதாக வந்ததுபோல எழுந்து நின்றுவிட்டான். "பாருங்கக்கா! ஒன்பது வயசுல எவ்வளவு மரியாதை! எனக்கு ஒரு தலையணைக்குக்கூட நம்ப மாட்டேங்குறான், இவளுக்கு அலமாரி குடுக்குறேங்குறான்!"

"உட்காரு. முதல்ல உட்காரு. இதுல நீ ஒரு தவணை தப்பவிட்டா அது யார் பேர்ல விழும்?"

"தப்பவிட மாட்டேன்."

"பைக்குக்கும் இதையேதான் சொல்லியிருப்ப."

அவன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"அவ பெரியவளாகி படிப்புக்குக் கடன் கேட்டுப் போவா. ஒரு ரூம் வாடகைக்கு எடுக்கப் போவா. அங்க ஒருத்தி என்னை மாதிரி உட்கார்ந்து பேரத் தட்டுவா. சிவப்பு வரும். 'நான் எதுவுமே வாங்கலையே'ன்னு நிப்பா. அப்ப நீ போய் விளக்கம் சொல்லுவியா?"

அவன் முகம் விழுந்துபோனது. எனக்கே பாவமாகிவிட்டது, ஆனால் சொன்னதில் எதையும் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை. அழிப்பதற்குக் கையை வைத்தேன்.

"இருங்கக்கா. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருங்க."

"எதுக்கு?"

"பாத்துக்குறேன்."

மகளின் பெயரையும் அதைச் சுற்றியிருந்த பச்சையையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வெளியே வாடிக்கையாளர் காத்திருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவனே, "அழிச்சிடுங்க. அது அப்படியே சுத்தமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

வழி முதலாளியின் கோபத்தில் பிறந்தது. வருஷ முடிவில் அவர் ஷோரூம் மெத்தைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். ஜன்னல் மெத்தையில் கை வைத்ததும் கத்தினார். குட்டி படுத்த இடம் நன்றாகத்தான் இருந்தது. பூஞ்சை உடம்பு, அவளால் என்ன ஆகும்? கால்மாட்டு ஓரம்தான் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கி, பள்ளமாகிக் கிடந்தது. "இத இனிமே எவன் வாங்குவான்? பாதி விலை போட்டுக்க, உன் கமிஷன்ல கழிச்சுக்குறேன், எடுத்துட்டுப் போ!" என்றார். திட்டு வாங்கி உச்சி குளிர்ந்த ஒரே மனிதனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கமிஷனில் மூன்றில் ஒரு பங்கு மகளுக்குப் போக வேண்டியது. மெத்தைக்குக் கழித்தால் அந்தப் பங்குக்கு ஒன்றும் மிஞ்சாது. மனைவிக்குப் போன் செய்தான். "சரி, மெத்தையே போதும். இந்த மாசம் கமிஷன்ல பங்கு வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டாளாம். எழுதி வாங்கு என்று தலையில் அடித்துக்கொண்டேன். "வாயால சொல்லிட்டாக்கா, போதும்" என்றான். ஐந்து வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதுவும் சட்டப்படி செல்லாது.

இரண்டே மாதத்தில் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை. அவர்கள் கணினியே குறைவைக் கண்டுபிடித்து, பாக்கி என்று முடிவு கட்டி, சனிக்கிழமைகளை ஏன் நிறுத்தக் கூடாது என்று கேட்டிருந்தது. சம்பளம் பிடிப்பவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவனுக்கு அந்த இரண்டு மணி நேரத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரி நல்ல மனிதர்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "மெத்தை பரிசு. ஜீவனாம்சம் பணம். பொம்மை வாங்கினேன், சட்டை வாங்கினேன்னு எல்லா அப்பாவும் சொல்லுவாங்க. நான் அதைக் கணக்குல எடுத்துக்க முடியாது. நீங்க சொல்லுங்கம்மா, பணம் வந்துச்சா?"

அவன் மனைவி இரவு வேலை முடித்து நேராக அங்கே வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. சாவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வரல" என்றாள்.

எனக்கு எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம்போல இருந்தது. தூங்குமூஞ்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதானே போனில் சொன்னாய் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

"வரலன்னா பாக்கி. பாக்கி தீர்ற வரைக்கும் பிள்ளைய அனுப்ப வேண்டியதில்ல."

"பாக்கி எனக்கு வேணும் சார்" என்றாள் அவள். "ஸ்கூல் பீஸ் கட்டணும். அத விட்டுக்குடுக்க என்னால முடியாது. ஆனா சனிக்கிழமைய நிறுத்தாதீங்க."

"ஏம்மா?"

அவள் சாவியை மடியில் வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள். "மெத்தை வந்ததுலேர்ந்து பிள்ளை நல்லா தூங்குறா. ஓரத்துல ஒரு பள்ளம் இருக்கு. அந்தப் பக்கம் தலையணையப் போட்டு, அந்தப் பள்ளத்துல கைய வெச்சுக்கிட்டுத்தான் தூங்குறா. புது மெத்தையா மாத்திக்கலாம்னு தங்கச்சி சொன்னதுக்கு மாட்டேன்னு ஒரே அழுகை." மடியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள். "இவர் எனக்குச் சரிப்பட மாட்டாரு. அது வேற. அவளுக்கு அவர் வேணும்."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சம்மதித்தால் பாக்கியைத் தவணையாகக் கட்டலாம். தவணை தவறாதவரை அது பாக்கியாகக் கருதப்படாது, சனிக்கிழமையும் போகாது. அவள் தலையசைத்தாள். ஆயுசில் எத்தனையோ தவணை போட்டிருக்கிறேன், அன்றைக்குப் போட்டதுபோல மனசு நிறைந்து போட்டதில்லை.

தவணைக்காகத் தூங்குமூஞ்சி விடியற்காலையில் எங்கள் கிடங்கில் லாரி இறக்கும் வேலையையும் சேர்த்துப் பிடித்தான். ஆள் இளைத்துப்போனான். ஆனால் அவனுடைய பெரிய கவலை வேறாக இருந்தது.

"அக்கா, இப்பல்லாம் அவ வீட்டுலயே தூங்கிடுறா. சனிக்கிழமை முழிச்சுட்டு வருவா. நான் என்ன பேசுறது?"

"ரெண்டு வருஷமா பேசிக்கிட்டுத்தானே இருந்த."

"அது அவ தூங்கும்போது. முழிச்சிருந்தா பயமா இருக்கு."

சனிக்கிழமை குட்டி வந்தாள். ஜன்னலோரம் இப்போது புது மெத்தை கிடந்தது. இருவரும் அதன் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் வழக்கம்போலப் பால் நிறத்தில் இறங்கியது. மின்விசிறி சுற்றியது. அவன் ஏதோ கேட்டான், அவள் பதில் சொன்னாள். அவள் ஏதோ கேட்டாள், அவன் பதில் சொல்லத் தொடங்கினான். பாதி வாக்கியத்தில் தலை சாய்ந்தது. விடியலிலிருந்து லாரி இறக்கிய உடம்பு. அப்படியே சரிந்து, காலை மடக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தானே இவ்வளவு பாடு! எழுப்பிவிடலாம் என்று தடுப்பைத் தாண்டி வேகமாகப் போனேன். குட்டி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"எழுப்பாதீங்க ஆன்ட்டி."

"நேரம் போயிடும்மா. அப்பாவோட பேச வேண்டாமா?"

"பேசுவேன். தூங்கட்டும். நான் தூங்கும்போது அவர் பேசுவாருல்ல, அது மாதிரி."

நான் நின்றுவிட்டேன். "உனக்கு அது கேக்குமா?"

"பாதி நாள் தூக்கமே வராது. சும்மா கண்ண மூடிக்கிட்டு இருப்பேன். முழிச்சா அவர் வெக்கப்பட்டு நிறுத்திடுவாரு." பிறகு சிரித்தாள். "அந்த நாய் எழுந்து போச்சா இல்லையான்னுதான் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. நீங்க வந்துட்டீங்க அன்னைக்கு."

நான் என் இடத்துக்குத் திரும்பினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கால்மாட்டுக்கு நகர்ந்து, மெத்தையின் ஓரத்தில் சரியாக உட்கார்ந்துகொண்டாள். உதடு அசையத் தொடங்கியது. பள்ளிக்கூடம், சித்தி பசங்கள், யாரோ உடைத்த பென்சில், எனக்குக் கேட்டது அவ்வளவுதான். உள்ளே வந்த ஒரு பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தலையணை விலை என்ன என்று என்னிடம் கிசுகிசுப்பாகக் கேட்டார்.

ஐந்து மணிக்கு அவள் அம்மா கதவுக்கு வெளியே வந்து நின்றாள். வழக்கம்போலச் சாவியைத் தட்டுவதற்குத் தூக்கினாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது. அவன் தூங்குவதையும், மகள் அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைத் தள்ளி உள்ளே வந்து, வாசலுக்குப் பக்கத்திலிருந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மணி ஆயிடுச்சேம்மா" என்றேன் மெதுவாக.

"பரவால்லக்கா" என்றாள். "அவ சொல்லி முடிக்கட்டும்."